“படம் வரைஞ்சா சோறு போடுமா?” - சித்தப்பாவின் கேள்வியும் கே.சி.எஸ்.பணிக்கரின் பதிலும்

மே மாதம் நாலு நாள் லீவு கிடைத்தது. ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் மேல்பட்டாம்பாக்கம். “அது எங்க இருக்கு?” என்று ஆபீஸில் என்னைக் கேட்காத ஆளே இல்லை. பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில், விழுப்புரம் - கடலூர் பாசஞ்சர் ரயில் நின்று போகும் சின்ன ஸ்டேஷன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கேட்டவர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்திருப்பார். ‘பண்ருட்டி பலாப்பழம்’ என்றால் மட்டும் முகம் மலரும்.

நான் போன அன்றைக்கும் வீட்டில் பலாப்பழம்தான். சித்தப்பா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார். சித்தி பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தார். எப்போதும் முதல் சுளைக்கு ஓடி வருகிற என் சித்தி மகளை மட்டும் காணோம்.

“பாப்பா எங்க சித்தி?”

“உள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு கெடக்குறா. உங்க சித்தப்பாவையே கேளு.”

சித்தப்பா தலையை நிமிர்த்தவில்லை. “பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. பி.காம் சேரும்மான்னு கடலூர்ல போயி ஃபாரம் வாங்கியாந்தேன். அதெல்லாம் வேணாமாம். படம் வரையிற காலேஜுக்குத்தான் போவாளாம். படம் வரைஞ்சா சோறு போடுமா? நீயே சொல்லும்மா. நீதான் பத்திரிகையில இருக்கியே.”

என்னிடம் சட்டென்று பதில் இல்லை. நான் ஜர்னலிசம் டிப்ளமோ சேர்ந்தபோது இதே திண்ணையில், இதே கேள்வியை என்னைப் பார்த்தும் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அழுது சாதித்தேன். ஆனால், அழுகை பதிலாகாது என்பது இப்போது புரிகிறது. சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி. கரும்புக்கும் சவுக்குக்கும் நடுவே வாழ்க்கை நடத்துகிறவர், ‘நாளைக்கு என் பொண்ணு எதை வெச்சுப் பொழைப்பா?’ என்று கேட்கத்தான் செய்வார்.

நான் உள்ளே போனேன்.

பைன் மரமும் பனை மரமும்

பாப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு டிராயிங் நோட்டுகளை இழுத்துப் போட்டாள். அசந்துபோனேன். ஆறாவது படிக்கும்போதிலிருந்து வரைந்தவை. பள்ளியில் டிராயிங் பீரியடை எல்லாம் கணக்கு டீச்சரே வாங்கிக்கொள்வாராம். இவளாக யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கை சுத்தமாக இருந்தது. வண்ணம் கலங்கவில்லை.

புரட்டப் புரட்ட ஒன்று உறுத்தியது. எல்லாப் பக்கத்திலும் பனி மலை. மலையடிவாரத்தில் மரவீடு. புகைபோக்கியிலிருந்து புகை. ஏரி. ஏரியைச் சுற்றி ஊசியிலைக் காடு.

“ஏன்டி, நம்ம ஊர்ல எங்கடி இருக்கு பைன் மரம்?”

“வீடியோவுல அப்டித்தான்க்கா சொல்லித் தராங்க.”

“பனை மரம் ஒண்ணுகூட இல்லையே?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “பனை மரத்தை எல்லாம் யாராச்சும் வரைவாங்களாக்கா?”

அப்போதுதான் எனக்குப் பணிக்கர் ஞாபகம் வந்தது. போன வருடம் ஒரு வீடியோவுக்காகச் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போயிருந்தேன். இஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. மாமல்லபுரம் போகிற எத்தனையோ பேர் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே வண்டியில் போய்விடுவார்கள். நானும் அப்படிப் பல தடவை போனவள்தான். உள்ளே போனபோதுதான், அந்த இடத்தை உண்டாக்கியவர் ஒரு ஓவிய ஆசிரியர் என்பதும், அவர் தன் ஓவிய வாழ்க்கையைத் தென்னை மரத்திலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தொடங்கியவர் என்பதும் தெரிந்தது.

அவர் கதையைத்தான் அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் பாப்பாவுக்குச் சொன்னேன். சித்தப்பாவும் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு, கேட்காதது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

தந்தி இலாகாவிலிருந்து ஓவியப் பள்ளிக்கு

கே.சி.எஸ்.பணிக்கர் 1911-ம் ஆண்டு மே 31-ம் தேதி கோயம்புத்தூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு கேரளாவின் பொன்னானியில். பாரதப்புழை ஆறு கடலில் கலக்கிற ஊர் அது. தண்ணீர், தோணி, தென்னந்தோப்பு, ஈர மண். பன்னிரண்டு வயதிலேயே பையன் இதையெல்லாம் வரைய ஆரம்பித்துவிட்டான். பதினேழு வயதில் அவருடைய படங்கள் மதராஸில் நடக்கும் வருடாந்தர ஓவியக் கண்காட்சிகளில் இடம்பெற்றன. சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லை. கண்ணுக்கு எதிரே இருந்ததுதான் வாத்தியார்.

பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா இறந்துபோனார். குடும்பம் இவர் தலையில். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார்.

“பாத்தியா?” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. “அவரே வேலைக்குத்தான போயிருக்காரு!”

“போனார் சித்தப்பா. ஆனா, வரையிறதை விடலை. 1936-ல இருபத்தஞ்சு வயசுல மதராஸ் ஓவியப் பள்ளியில ஸ்டூடன்ட்டா போய்ச் சேர்ந்தார்.”

கட்டிலில் சத்தம் இல்லை.

அந்தப் பள்ளிக்கு அப்போதே எண்பது வயதுக்கு மேல். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் தொடங்கியது. இன்றைக்குச் சென்னை பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், சிவப்புக் கட்டடங்களோடு இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது. ஆரம்பத்தில் மர வேலை, உலோக வேலை, நகை வேலை போன்ற கைத்தொழில்களுக்கே அங்கே முதல் இடம். 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்ற வங்காளி பிரின்சிபாலாக வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். மெரினாவில் நாம் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் உழைப்பாளர் சிலையும், காந்தி சிலையும் அவர் செய்தவைதான். அவர் காலத்தில்தான் ஓவியமும் சிற்பமும் அந்தப் பள்ளியில் தலைநிமிர்ந்தன. எதை வரைந்தாலும் நேரில் பார்த்து வரை, உடம்பின் எலும்பும் தசையும் தெரிந்து வரை என்கிற கண்டிப்பான பயிற்சி. பணிக்கர் 1940-ல் படித்து முடித்தார். அடுத்த வருடமே அதே பள்ளியில் ஆசிரியரானார்.

அந்தக் காலத்தில் பணிக்கரின் பெயர் வெளியே தெரிந்தது வாட்டர்கலர் இயற்கைக் காட்சிகளால்தான். மலபாரின் வாய்க்கால்கள், மழைக்குப் பிறகான பச்சை, தென்னை நிழல் விழுந்த தண்ணீர்.

வாட்டர்கலரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சுலபமானது என்று நினைத்துத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். உண்மையில் அதுபோல ஆளைக் காட்டிக்கொடுக்கும் மீடியம் வேறு இல்லை. எண்ணெய் வண்ணத்தில் தப்பு செய்தால் மேலே இன்னொரு பூச்சு பூசலாம். வாட்டர்கலரில் முடியாது. வெள்ளை வேண்டும் என்றால் காகிதத்தின் வெள்ளையை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போக வேண்டும். தண்ணீர் காய்வதற்குள் முடிவெடுக்க வேண்டும். கையை விடக் கண்ணுக்குத்தான் அதிக வேலை.

இரண்டு மணி நேரக் கணக்கு

இந்த இடத்தில் பாப்பா ஒரு கேள்வி கேட்டாள். “நேர்ல போயி வரைஞ்சா வெயில் மாறிடுமேக்கா. நிழல் நகர்ந்துடும். அதான் நான் போட்டோ பாத்து வரையிறேன்.”

அவளுக்கு நான் சொன்ன பதில் என்னுடையது இல்லை. பாரிஸில் ஓவியப் பாடம் நடத்திய பியேர் ஆன்ரி தெ வலென்சியென் என்ற வாத்தியாருடையது. 1750-ல் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் பிறந்தவர். இயற்கைக் காட்சி ஓவியத்தில் பழைய இலக்கண முறையைக் கடைப்பிடித்தவர். அதாவது, பழைய கிரேக்க, ரோமானியக் கதைகளை ஒழுங்காக அடுக்கிய மலை, மரம், கட்டடங்களுக்கு நடுவே வைத்து ஸ்டூடியோவில் நிதானமாக வரைகிற முறை. ஆர்க்கிமிடீஸின் கல்லறையை சிசரோ கண்டுபிடிக்கும் காட்சியை அப்படி வரைந்துதான் 1787-ல் பிரான்ஸின் ராயல் அகாடமியில் இடம்பிடித்தார்.

ஆனால், அந்தப் பெரிய படங்களுக்குப் பின்னால் ஒரு தினசரிப் பழக்கம் இருந்தது. இத்தாலியில் இருந்தபோது வெளியே போய், சின்னச் சின்னக் காகிதங்களில் எண்ணெய் வண்ணத்தில் நேரில் பார்த்ததை வரைந்து தள்ளியிருக்கிறார். ஒரு கூரை வெயிலில் எப்படி இருக்கிறது, அதே கூரை நிழலில் எப்படி இருக்கிறது. மாடத்தில் துணி காய்கிறது. ரெண்டு மரம் நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். 1800-ஐ ஒட்டி வெளியான தன் பாடப் புத்தகத்தில் மாணவர்களுக்கு ஒரு கணக்கு சொன்னார். வெளியே உட்கார்ந்து வரைகிற படத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். சூரியன் உதிக்கும்போதோ மறையும்போதோ வரைந்தால் அரை மணி நேரம்தான். அதற்கு மேல் உட்கார்ந்தால் நீ வரைய ஆரம்பித்த வெளிச்சம் அங்கே இருக்காது.

வெயில் மாறிவிடும் என்பதற்காக அவர் வீட்டுக்குள்ளே உட்காரச் சொல்லவில்லை. மாறுவதற்குள் பார்க்கக் கற்றுக்கொள் என்றார். அவருடைய மாணவர்களிடம் பாடம் படித்தவர்தான் பின்னாளில் இயற்கைக் காட்சிக்குப் பெயர்பெற்ற கோரோ. அந்தச் சின்னக் காகிதப் படங்கள் நூற்றுக்கும் மேல் இன்றைக்குப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

“நாளைக்குக் காலைல பெண்ணையாத்துக்குப் போலாமா?” என்றேன். “செல்போனை வீட்ல வெச்சிட்டு வரணும்.”

ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். பெண்ணையாற்றில் மே மாதத்தில் என்ன இருக்கும்? மணல்தான். நடுவில் எங்கோ ஒரு கீற்று தண்ணீர். கரையில் நாணல், தூரத்தில் பனைகள். பாப்பா ஒரு பாட்டில் தண்ணீரும் பெயின்ட் டப்பாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் காகிதம் வீண். வானத்துக்கு நீலம் பூசி முடிப்பதற்குள் ஒரு பக்கம் காய்ந்து திட்டுத்திட்டாகிவிட்டது. நம் ஊர் வெயில் அப்படி. ரெண்டாவது காகிதமும் வீண். மூன்றாவதில் வானத்தைத் தொடவே இல்லை. காகித வெள்ளையை அப்படியே விட்டுவிட்டாள்.

“அக்கா, வானம் நீலமாவே இல்லக்கா. வெள்ளையா இருக்கு. மணலுக்குள்ள ஊதா இருக்கு பாரு!”

பதினேழு வருடமாக அந்த மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் அன்றைக்குத்தான் அதில் ஊதா நிறத்தைப் பார்த்தாள். இருபது வருடத்துக்கு மேல் பார்த்த நானும் அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். எட்டரைக்கெல்லாம் வெயில் உறைக்க ஆரம்பித்துவிட்டது. கையில் மூன்று பனை மரங்களோடு வீடு திரும்பினோம்.

பாராட்டு வாங்கிய கையை மாற்றிக்கொண்டவர்

சாயங்காலம் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இயற்கைக் காட்சியில் பேர் வாங்கிய பணிக்கர் அதிலேயே நின்றிருக்கலாம். வரைந்தால் பாராட்ட ஆள் இருந்தது. அவர் நிற்கவில்லை. 1944-ல் நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-ல் லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே போய் ஐரோப்பாவின் புதிய ஓவியங்களை நேரில் பார்த்துவிட்டு வந்தார். இங்கிலாந்துக்காரர் கற்றுக்கொடுத்த முறையும் வேண்டாம், பாரிஸில் பார்த்ததன் நகலும் வேண்டாம், நம் மண்ணிலிருந்து ஒரு மொழி வேண்டும் என்ற தேடல் அதன் பிறகு அவரிடம் தீவிரமானது.

அந்தத் தேடல் 1963 வாக்கில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் போய் நின்றது. எண்களும் எழுத்துகளும் கோடுகளும் நிரம்பிய ஒரு பக்கம். அதன் அர்த்தத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பார்த்தார். பிறகு ஜாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தைப் போன்ற கிறுக்கல்கள், மீன், பறவை, பாம்பு என எல்லாம் அவர் படத்தில் நிரம்பின. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று அந்த வரிசை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தாத்தா வைத்திருக்கும் பழைய ஜாதக நோட்டைப் புரட்டியவர்களுக்கு அந்தப் படங்கள் அந்நியமாகத் தெரியாது.

“அப்ப ஏன்க்கா அவரு இயற்கைக் காட்சிய விட்டுட்டாரு? நீ என்னை மட்டும் பனை மரம் வரையச் சொல்ற?”

சரியாகப் பிடித்தாள். அவர் விட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. தென்னையை நேரில் பார்த்துப் பழகிய கண்தான் கணக்கு நோட்டிலும் ஒரு காட்சியைப் பார்த்தது. பார்க்கவே பழகாமல் நேராக அங்கே போயிருந்தால், அவருக்கு அது வெறும் கணக்கு நோட்டாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று. 1957-ல் ராய் சௌத்ரிக்குப் பிறகு பணிக்கர் பிரின்சிபாலானார். பத்து வருடம் இருந்தார். அவரிடம் படித்தவர்களின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. கே.எம்.ஆதிமூலத்தின் கோடுகள் வேறு, எஸ்.ஜி.வாசுதேவின் மரங்கள் வேறு, கே.ராமானுஜத்தின் கனவு மாளிகைகள் வேறு. திருச்சி பக்கம் கீராம்பூரிலிருந்து வந்த ஆதிமூலம் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து புகழ்பெற்றார். கடைசிக் காலத்தில் நிலக்காட்சியையே உருவம் இல்லாத வண்ணங்களாக வரைந்தார். ‘என்னை மாதிரி வரை’ என்று சொல்லும் வாத்தியாரிடம் இத்தனை வகை மாணவர்கள் வந்திருக்க முடியாது.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன்

“எல்லாம் சரிம்மா” என்று எழுந்து உட்கார்ந்தார் சித்தப்பா. “அவரு பிரின்சிபாலு. சம்பளம் வந்துது. படிச்சிட்டு வெளிய போன பசங்க என்னா பண்ணாங்க?”

இந்தக் கேள்விதான் பணிக்கரையும் தூங்கவிடாமல் செய்தது. வருடா வருடம் திறமையான பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போகிறார்கள். அன்றைய மதராஸில் ஓவியம் வாங்க ஆள் இல்லை. கேலரி என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. கொஞ்சம் பேருக்கு நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் போடும் வேலை கிடைத்தது. ஆதிமூலமே அங்கே வேலை பார்த்தவர்தான். மற்றவர்கள் ஏதாவது ஒரு வேலைக்குப் போய், கொஞ்ச நாளில் தூரிகையை மறந்துவிடுவார்கள்.

பணிக்கர் ‘கலைக்காகப் பட்டினி கிடங்கள்’ என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை. ‘அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்றும் சொல்லவில்லை. ‘உங்கள் கைக்கு என்ன தெரியும்?’ என்று பார்த்தார். ஓவியம் படித்த கைக்குக் கைவினைப் பொருள் செய்வது கஷ்டமில்லை. முக்கியமாக பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விரிசல்விட்ட இடத்தில் நூல் நூலாக நிறம் இறங்கும். பிறகு மெழுகை நீக்கிவிட்டு அடுத்த நிறம். கோடு போடத் தெரிந்தவன் செய்தால் அந்தத் துணியின் அழகே தனி. ஓவியம் வாங்காதவர்களும் துணி வாங்குவார்கள் அல்லவா? பாத்திக்கோடு தோல், மரம், உலோகம், மண் என்று ஆளுக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு, ஓவியர் கைவினைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

அந்தப் பொருள்களை விற்ற காசில்தான் 1966-ல் இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். பணக்காரர் யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. இன்றைக்கு அங்கே சென்ட் என்ன விலை என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது ஆள் நடமாட்டம் இல்லாத மணல்காடு. மணல், சவுக்கு, உப்புக் காற்று. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையை ஆண்ட சோழர்களின் பெயரை அதற்கு வைத்தார்கள்: சோழமண்டலம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிசையும் வீடும் பட்டறையும் எழுந்தன. கைவினைப் பொருள் செய்வது வயிற்றுக்கு, மீதி நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். இதுதான் ஏற்பாடு. 1967-ல் ஓய்வு பெற்ற பிறகு பணிக்கரும் அங்கேயே மாணவர்களோடு வாழ்ந்தார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். மனநோயால் அவதிப்பட்ட ராமானுஜம், சோழமண்டலத்தில் இருந்தபோதே 1973-ல் இளம் வயதில் இறந்துபோனார். அப்படி ஒரு மேதைக்குக்கூடப் பாதுகாப்பாக இருக்க அந்தக் கிராமத்தால் முடியவில்லை. எல்லாரும் அங்கே தங்கவும் இல்லை. சிலர் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஆனால், கிராமம் நின்றது. பணிக்கர் 1977-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார். அவர் மகன் எஸ்.நந்தகோபால் உலோகச் சிற்பியாக அங்கேயே வாழ்ந்தார். 2009-ல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று அங்கே ஒரு அருங்காட்சியகமும் வந்தது. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கர் பெயரில் தனியாக ஒரு ஓவியக்கூடம் இருக்கிறது.

சொல்லி முடித்தேன். மாடியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூரத்தில் விழுப்புரம் வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

ரெண்டு ஃபாரம்

மறுநாள் நான் கிளம்ப வேண்டும். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், சித்தப்பா திண்ணையில் அந்தப் பனை மரப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது நம்ம ஆறுதான?”

“ஆமாம் சித்தப்பா.”

“இந்த மூணு பனையில நடுவுல இருக்குறது இடி விழுந்தது. மேல மட்டையே இருக்காது. அதைக்கூடப் போட்டிருக்கா பாரு.” படத்தைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார். “படிக்கிறதுன்னா எங்க போவணும்?”

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கடலூரிலிருந்து பஸ் ஏறினால், புதுச்சேரிக்கு முன்னால் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்தவர்கள் பி.எஃப்.ஏ. சேரலாம். நாலு வருடப் படிப்பு. சேர்வதற்கு வரைந்து காட்ட வேண்டியிருக்கும். இதையெல்லாம் சொன்னேன். அரியாங்குப்பம் என்றதும் சித்தப்பா முகம் கொஞ்சம் தெளிந்தது. பாண்டிச்சேரி பஸ் என்றால் அவருக்குப் பக்கத்து வீடு மாதிரி.

“சரி, ஒண்ணு சொல்றேன்” என்றார். “பி.காம் ஃபாரமும் போடட்டும். இதுவும் போடட்டும். எது கெடைக்குதோ பாக்கலாம். ஆனா, படம் வரையிற காலேஜ் கெடைச்சிதுன்னா, அவரு சொன்ன மாதிரி அந்தத் துணிக்குச் சாயம் போடுற வேலையோ, தையலோ, ஏதோ ஒண்ணு கூடக் கத்துக்கணும். கைல ஒரு தொழில் இருக்கணும். அதுக்கு ஒத்துக்குறாளான்னு கேளு.”

உள்ளேயிருந்து, “ஒத்துக்குறேன்ப்பா!” என்று குரல் வந்தது. கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பணிக்கர் என்ற பெயரைச் சித்தப்பா முதல் தடவை கேட்டதே நான் ஊருக்குப் போன அன்றைக்கு ராத்திரிதான். ஆனால், பணிக்கர் தன் மாணவர்களுக்குச் செய்துகொடுத்த ஏற்பாட்டைத்தான் இவரும் தன் மகளுக்குச் சொன்னார். பிள்ளையின் ஆசையைக் காப்பாற்ற நினைக்கிற வாத்தியாரும், பிள்ளையின் சோற்றைப் பற்றிக் கவலைப்படுகிற அப்பாவும் எதிரெதிர் ஆட்கள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பேரும் ஒரே கவலையைத்தான் சுமக்கிறார்கள் என்பது அந்தத் திண்ணையில் புரிந்தது.

ரெண்டு ஃபாரமும் போட்டாகிவிட்டது. எது கிடைக்கும் என்று இந்தப் பத்தியை எழுதும்போது தெரியவில்லை. தேர்வில் வரைந்து காட்டுவதற்காகப் பாப்பா தினமும் காலை ஆறு மணிக்கு ஆற்றுக்குப் போகிறாளாம். துணைக்குச் சித்தப்பா. “ரெண்டு மணி நேரம் ஆச்சு, எழுந்திரு” என்று அவர்தான் மணி பார்த்துச் சொல்கிறாராம். சித்தி போனில் சொல்லிச் சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் இப்படி ஒரு டிராயிங் நோட்டுக் கட்டு இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பைன் மரமாக இருந்தால் திட்டாதீர்கள். பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போய், நம் ஊர் மரம் ஒன்றுக்கு எதிரே உட்காரவையுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ரெண்டு மணி நேரம் போதும்.